கிரெடிட்ஸில் எங்கள் பெயர்: கேம் ஸ்டுடியோ நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே நகரங்களில் வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்கு வேலை எடுத்துச் செய்துகொடுக்கும் ஸ்டுடியோ உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் பதினோரு வருடமாக கேம் புரோகிராமர். உங்களில் மூன்று பேரிடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். யாரென்று சொல்லப்போவதில்லை, என் பெயரையும் இங்கே போடவில்லை. பெயர் போடச் சொல்லி எழுதும் கடிதத்திலேயே பெயர் இல்லை என்பது வேடிக்கைதான். வேலையைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்ற ரகசிய ஒப்பந்தத்தில், அதாவது என்டிஏவில், கையெழுத்துப் போட்டவன் நிலைமை அப்படி.

சம்பளம், வேலை நேரம், ரிலீஸுக்கு முந்தைய மாதங்களில் ஆபீஸ் பீன் பேக்கிலேயே விடிவது, இவற்றைப் பற்றியெல்லாம் எழுத நிறைய உண்டு. அதை வேறு யாராவது எழுதட்டும். நான் கேட்க வந்தது ஒன்றுதான், அதுவும் உங்களுக்கு ஏறக்குறைய செலவே இல்லாத ஒன்று. நாங்கள் வேலை செய்த கேமின் கிரெடிட்ஸில், அதாவது உருவாக்கியவர்களின் பெயர் ஓடும் பட்டியலில், எங்கள் பெயர் வர வேண்டும்.

இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கேமின் போர்ட் வேலை எங்களிடம் வந்தது. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேமைக் கையில் வைத்து விளையாடும் சின்ன கன்சோலில் ஓடவைக்க வேண்டும். திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 33 மில்லிசெகண்ட். அதற்குள் எதிரிகள் யோசித்து முடிக்க வேண்டும், பாறை உருள வேண்டும், நிழல் விழ வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். எங்கள் கைக்கு வந்தபோது முதல் லெவலே ஒரு பிரேமுக்கு 70 மில்லிசெகண்ட் தின்றது. அதை 33க்குள் அடக்க எட்டு மாதம் ஆனது.

இந்த வேலையில் வீரசாகசம் எதுவும் கிடையாது. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்து வைத்துக்கொண்டு நேரம் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓட்டைக் குடத்துக்கு மெழுகு வைப்பது போல. ஒரு சந்தை லெவலில் நாற்பது கோழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிரேமிலும் தான் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் கோழி எங்கே போனால் யாருக்கென்ன? அதை நிறுத்தியதில் மட்டும் 4 மில்லிசெகண்ட் மிச்சம். அன்று சாயங்காலம் லீட் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். கேம் புரோகிராமரின் சந்தோஷம் அந்த அளவில்தான் இருக்கும், ஆனால் அது நிஜமான சந்தோஷம்.

கன்சோல் கம்பெனியின் பரிசோதனைக்கு பில்டை, அதாவது ஓடும் நிலையில் உள்ள கேமை, அனுப்பக் கடைசி வாரம். டெஸ்டிங்கில் இருந்த பெண் ஒரு பக் (பிழை) பதிந்தார். கிரெடிட்ஸ் ஓடும்போது சில பெயர்களின் நடுவில் எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டம் வருகிறதாம். காரணம் நான்தான். மெமரியை மிச்சம் பிடிக்க, கேமில் எங்கும் வராத எழுத்துகளையெல்லாம் ஃபான்ட்டிலிருந்து வெட்டியிருந்தேன். கேமில் எங்கும் வரவில்லை, சரி, கிரெடிட்ஸில் வருகிறதே! குறுக்குக் கோடு போட்ட போலிஷ் எல், தலையில் புள்ளி வைத்த துருக்கியப் பெரிய ஐ, செக் மொழியின் கொக்கி வைத்த எழுத்துகள். வெட்டியவனே ஒட்டட்டும் என்று பக் என் தலைக்கு வந்தது.

கிரெடிட்ஸ் என்பது ரொம்பச் சாதாரணமான விஷயம். ஒரு எக்செல் தாள். ஒரு பத்தியில் பொறுப்பு, இன்னொரு பத்தியில் பெயர். அதில் ஆயிரத்து நானூறு பெயர்கள் இருந்தன. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஒவ்வொரு பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஃபான்ட்டில் இருக்கிறதா என்று சோதித்தேன். விட்டுப்போனதைச் சேர்த்தேன். பிறகு சந்தேகம் தீர, முழுக் கிரெடிட்ஸையும் கன்சோலில் ஓடவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். 19 நிமிடம். மொழிபெயர்த்தவர்கள் வந்தார்கள். கேன்டீனில் சமைத்தவர்கள் வந்தார்கள். கேம் உருவான வருடங்களில் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் தனிப் பட்டியலாக வந்தன, அது நல்ல வழக்கம், எனக்குப் பிடிக்கும். ஆபீஸுக்கு வந்துபோகும் ஒரு நாயின் பெயரும் வந்தது. அப்புறம் ‘கூடுதல் எஞ்சினியரிங் உதவி’ என்று ஒரு வரி, அதன் கீழே எங்கள் கம்பெனியின் பெயர். எட்டு மாதம் வேலை செய்த இருபத்து மூன்று பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான். இரண்டு நொடியில் திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

நாயின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. பக்கைச் ‘சரிசெய்தாயிற்று’ என்று மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கேம் வெளியானதும் ஒரு பிரதி வாங்கி ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்கு கேம் புரியாது, ஆனால் டைட்டில் புரியும். சினிமாவுக்குப் போனால் முதல் எழுத்திலிருந்து படிக்கிறவர். கிரெடிட்ஸை ஓடவிடச் சொல்லி முழுசாகப் பார்த்தார். ‘படத்துல லைட்மேன் பேரு, டீ குடுத்தவங்க பேரெல்லாம் போடறான். உன் பேரு எங்கடா?’ என்றார். கம்பெனி பெயரைக் காட்டினேன். ‘இது உன் முதலாளி பேருல்ல?’

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் எழுதியதற்கு வேறெங்காவது தடயம் இருக்கும் என்று நினைப்பீர்கள். டீம் எழுதும் புரோகிராமையெல்லாம் சேமித்துவைக்கும் மென்பொருளான பெர்ஃபோர்ஸில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று பார்க்க வசதி உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் வெளிநாட்டு ஆட்களின் வரிகளுக்கு நேரே அவர்கள் பெயர் இருக்கும். எங்கள் வரிகளுக்கு நேரே ‘எக்ஸ்ட் டெவ் 07’ என்று இருக்கும். வெளியாட்களுக்குத் தரும் பொதுக் கணக்கு அது. நான் போவதற்கு முன் 07 வேறு ஒருவர், நான் போன பின் இன்னொருவர். கோழிகளைத் தூங்கவைத்தது 07. அவ்வளவுதான் வரலாறு.

உங்கள் ஸ்டுடியோக்களில் பெயர் போடும் நல்லவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அங்கேயும் ஒரு கூத்து நடந்தது. என் நண்பன் திருவண்ணாமலைக்காரன். நம் எல்லோரையும் போல அப்பா பெயர் இனிஷியல், அவ்வளவுதான், குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டுப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் விடாது. கடைசிப் பெயரில் அப்பா பெயரை எழுதினான். அவர்கள் தரப்பில் யாரோ முதல் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். ஐரோப்பிய கேம் ஒன்றின் ரெண்டரிங் (திரையில் படம் வரையும் பகுதி) புரோகிராமர்கள் பட்டியலில் இன்றுவரை இருப்பது, அரசு பஸ் ஓட்டி ரிட்டையரான அவன் அப்பாவின் பெயர். அவர் அந்த ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். அவன் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

இது பெயர் ஆசை, புகழ் ஆசை என்று யாராவது சொல்வதற்கு முன், இந்தச் சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல் என்று ஞாபகப்படுத்துகிறேன். 1970களின் கடைசியில் அமெரிக்க கேம் கம்பெனியான அட்டாரியின் கேம்களில் புரோகிராமர் பெயர் வராது. வாரன் ராபினெட் அங்கே ‘அட்வென்ச்சர்’ கேமைத் தனியாளாக எழுதியவர். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சாம்பல் புள்ளியைச் சுவருக்குள் ஒளித்துவைத்தார். அதைத் தேடி எடுத்து வேறோர் அறைக்குக் கொண்டுபோனால் ரகசிய அறை திறக்கும், உள்ளே உருவாக்கியவர் என்று அவர் பெயர் மின்னும். இந்த ரகசியத்தை யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பையன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் அட்டாரிக்கே தெரிந்தது. நீக்கிவிட்டு மறுபடி சிப் அடிக்கச் செலவு அதிகம் என்பதால் விட்டுவிட்டார்கள். இன்று கேம்களில் ஒளித்துவைக்கும் விஷயங்களை ‘ஈஸ்டர் எக்’ என்கிறோமே, அந்தப் பேச்சு கேம் உலகில் பரவியது இந்தச் சம்பவத்திலிருந்துதான். பெயர் போடாததால் பிறந்த சொல் அது.

அதே அட்டாரியில் டேவிட் க்ரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்று நான்கு புரோகிராமர்கள், கம்பெனியின் விற்பனையில் பெரும் பங்கு தங்கள் கேம்களால் வருகிறது என்று கணக்குப் பார்த்து, பெயரும் நியாயமான பணமும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1982இல் அவர்கள் வெளியிட்ட ‘பிட்ஃபால்’ கேமின் அட்டைப் பெட்டியில் டேவிட் க்ரேனின் பெயர் அச்சாகியிருந்தது. பெயர் மறுத்த கம்பெனி தனக்குப் போட்டியைத் தானே பெற்றெடுத்த கதை இது. உரிமையாளர்கள் தூங்கப் போகும் முன் படிக்க நல்ல கதை.

ஆனால் எனக்குப் பெயர் வேண்டியதன் காரணம் இவ்வளவு பெரிய இலட்சியம் இல்லை. அடுத்த வேலை.

கேம் துறையில் ஆளெடுப்பவர்கள் பார்ப்பது எத்தனை கேம் வெளியிட்டிருக்கிறாய் என்பதைத்தான். டிகிரியெல்லாம் அப்புறம். சரிபார்க்க அவர்கள் போகும் இடங்களில் ஒன்று மோபிகேம்ஸ். 1999 முதல் ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்த களஞ்சியம், கிரெடிட்ஸில் ஓடும் பெயர்களைப் பார்த்துப் பார்த்துப் பதிந்தது. (அந்தக் காலத்தில் பெயர் போட மறுத்த அட்டாரியின் பெயரை இன்று வைத்திருக்கும் கம்பெனிதான் 2022இல் அதை வாங்கியது. விதி சில நேரம் நன்றாக ஜோக் அடிக்கும்.) கேமில் பெயர் இல்லையென்றால் அங்கேயும் இல்லை. ஒரு வெளிநாட்டு ஸ்டுடியோவின் நேர்காணலில் ஐந்து கேம் என்று சொன்னேன். என்னென்ன என்று கேட்டார்கள். இரண்டைச் சொல்லவே எனக்கு அனுமதியில்லை. மீதி மூன்றையும் சொன்னேன். அந்த அம்மையார் அங்கேயே தேடிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், ‘உங்கள் பெயர் எதிலும் இல்லையே’ என்றார். பதினோரு வருடத்தில் அதுபோல நாக்கு உலர்ந்ததில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் போல உட்கார்ந்திருந்தேன், உண்மையைச் சொல்லிவிட்டு.

இதை நான் உங்கள் ஆட்களிடம் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வரும்.

ஆட்களை வேறு கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்பது ஒன்று. 1980களில் ஜப்பானியக் கம்பெனிகள் இதே பயத்தில்தான் புரோகிராமர்களைப் புனைபெயரில் போட்டன. இன்று லிங்க்ட்இன்னில் உங்கள் ஸ்டுடியோ பெயரை அடித்தால் மொத்த டீமும் போட்டோவோடு வரும். யாரை எங்கே ஒளித்துவைக்கிறீர்கள்?

ஆள் வருவான் போவான், எல்லோரையும் எப்படிப் போடுவது என்பது இன்னொன்று. இதில் மேல்நாட்டுப் பெரிய இடங்களும் சரியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2011இல் ‘எல்.ஏ. நுவார்’ கேம் வந்தபோது நூறு பேருக்கு மேல் விட்டுப்போனதாக முன்னாள் ஊழியர்களே தனிப் பட்டியல் வெளியிட்டார்கள். 2018இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வந்தபோது, கடைசி வரை இருந்தவர்களுக்கே கிரெடிட் என்பது அதை உருவாக்கிய ராக்ஸ்டார் கம்பெனியின் வழக்கம் என்று தெரியவந்து சர்ச்சையானது. விலகிப் போனவர்களுக்குத் தங்கள் இணையதளத்தில் நன்றிப் பக்கம் போட்டார்கள். 2021இல் ‘மெட்ராய்டு டிரெட்’ செய்த ஸ்பெயின் ஸ்டுடியோ, மொத்தக் காலத்தில் 25 சதவீதமாவது வேலை செய்திருந்தால்தான் பெயர் என்று விளக்கம் கொடுத்தது. நான்கு வருடம் உருவாகும் கேமில் பதினோரு மாதம் உழைத்தவனுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஒப்பந்த வேலைக்காரர்களான நாங்கள் இந்த வாசலில் நுழையவே முடியாது. அவர்கள் தப்பாகச் செய்வதால் நாமும் செய்யலாம் என்று ஆகாது. சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கமான ஐஜிடிஏ இதற்கென்றே வழிகாட்டி விதிகள் எழுதி வைத்திருக்கிறது. தேடினால் கிடைக்கும், படித்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம்தான் உண்மையானது. கேமை வெளியிடும் பப்ளிஷர் ஒத்துக்கொள்ள மாட்டார். வேலை வெளியே போனது தெரியக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள், தெரிந்தாலும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். சரி. நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா? ஒப்பந்தம் போடும்போது மைல்ஸ்டோன் தேதிக்கு, அதாவது வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக்கொடுக்கும் தேதிக்கு, சண்டை போடுகிறீர்கள். தாமதமானால் எத்தனை சதவீதம் பிடிப்பது என்பதற்கு வாரக்கணக்கில் மெயில் ஓடுகிறது. கேம் தொடங்கும்போது உங்கள் லோகோ எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று பேசி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும், மூன்று நொடி, அதை நடைமுறைப்படுத்திய புரோகிராம் கோடும் நான் எழுதியதுதான். அந்த லோகோவுக்குப் பேசிய வாயால் இன்னொரு வாக்கியம் பேசக் கூடாதா?

நான் வக்கீல் இல்லை. ஆனால் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டியிருக்கிறேன். அதில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வருகிறது. நாங்களும் இலக்கியவாதிகள், கவிதை மட்டும் பிரேமுக்கு 33 மில்லிசெகண்டில் முடிய வேண்டும். வேலையில் இருக்கும்போது எழுதியதற்கு உரிமையாளர் முதலாளி என்று அதே சட்டம் சொல்கிறது, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் 57ஆவது பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. புரோகிராம் கோடு உங்களுடையது, பணம் உங்களுடையது. எழுதியது நாங்கள் என்பதையாவது விட்டுவைக்கலாம்.

நம் ஊருக்கு இந்தத் தொழில் புதிதும் இல்லை. பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் என்ற கேம் ஸ்டுடியோ தொடங்கியது 1997இல், அதை 2019இல் ராக்ஸ்டார் வாங்கியது. 2008இலிருந்து புனேயில் பிரெஞ்சு கேம் கம்பெனியான யூபிசாஃப்ட்டின் ஸ்டுடியோ இருக்கிறது. தாய்க் கம்பெனியே நடத்தும் ஸ்டுடியோக்களில் இந்தியப் பெயர்கள் கிரெடிட்ஸில் வரிசையாக ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆக, இந்தியப் பெயர் போட்டால் கேம் விற்காது என்ற பிரச்சினை கிடையாது. இடையில் நீங்கள் இருக்கும் இடத்தில்தான் பெயர் நின்றுவிடுகிறது.

அடுத்த ஒப்பந்தத்தில் இதைச் சேருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வேலை செய்த எல்லோர் பெயரும், ரிலீஸுக்கு முன் விலகிப் போனவர்கள் உட்பட, டெஸ்டிங்கில் இருந்தவர்கள் உட்பட. டெஸ்டர்களை முதலில் வெட்டுவது உங்கள் பழக்கம், கிரெடிட்ஸில் வந்த காலிக் கட்டங்களைக் கண்டுபிடித்துச் சொன்னது டெஸ்டிங்கில் இருந்த பெண்தான். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அந்தந்த ஆளிடம் கேளுங்கள், இனிஷியல் முன்னால் வேண்டுமா பின்னால் வேண்டுமா என்பதுவரை. பப்ளிஷர் கண்டிப்பாக முடியாது என்றால், கேம் வெளியான ஒரு வருடத்துக்குப் பிறகாவது நாங்கள் அதன் பெயரை வெளியில் சொல்லலாம் என்று எழுதி வாங்குங்கள், வேலையை விட்டுப் போகும்போது எந்த கேமில் என்ன செய்தோம் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள். விட்டுப்போன பெயரை, கேம் வெளியான பின் பிழை திருத்த அனுப்பும் அடுத்த பேட்ச்சில் சேர்க்கலாம். பேட்ச் எப்படியும் வரத்தான் போகிறது, நம் கேம்களின் லட்சணம் நமக்குத் தெரியாதா.

இப்போது நான் இருக்கும் ப்ராஜெக்ட் வரும் தீபாவளிக்கு முன் முடியும். கிரெடிட்ஸ் தாளை மூடும் தேதி இன்னும் வரவில்லை. எங்கள் டீமில் முப்பத்தொரு பேர், நடுவில் விலகியவர்கள் நான்கு பேரையும் சேர்த்து. பட்டியலைத் தயார் செய்து, ஒவ்வொருவரிடமும் எழுத்துக்கூட்டிக் கேட்டு, அந்த எக்செல் தாளின் அதே வடிவத்தில் என் மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன். ஃபான்ட்டில் எல்லா எழுத்தும் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் ஓட்டியும் பார்த்துவிட்டேன். இருக்கிறது. உங்களில் ஒருவரின் மேஜைக்கு அது இந்த வாரம் வரும்.

இப்படிக்கு,
எக்ஸ்ட் டெவ் 07